ஸ்கேன் நார்மல், ஆள் மட்டும் பழையபடி இல்லை

மூளை நலம்: வாசகர் கேள்வி – பதில்

தலைக்காயம், பக்கவாதம், மறதி நோய் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு நரம்பியல் மருத்துவரும் நரம்பு உளவியலாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். மருந்தளவுகள் விவரத்துக்காக மட்டுமே. கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் மருத்துவர் கையில்.

கே: என் கணவருக்கு 38 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் தலையில் அடி. நான்கு நாள் மாற்றி மாற்றிப் பேசினார், பிறகு தெளிந்துவிட்டார். டிஸ்சார்ஜ் சமயத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல். கை, கால் நன்றாக இருக்கிறது. ஆனால் சொன்னதை மறக்கிறார், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறார், எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறார். ‘வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறார்’ என்று வீட்டில் பேசுகிறார்கள்.

ப: நடிப்பில்லை. இப்படிப்பட்ட தலைக்காயத்துக்குப் பிறகு அன்றாடம் பார்க்கிற நிலைதான் இது.

உடனே ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்விக்குத்தான் சி.டி. ஸ்கேன் பதில் சொல்லும். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, பெரிய வீக்கம் இவை தெரியும். வேகமாகப் போன தலை சட்டென்று நின்று திரும்பும்போது, மூளைக்குள் நீளமாக ஓடும் நரம்பிழைகள் இழுபடும். அடுத்த சில மணி நேரங்களில் வீங்கி அறுந்தும் போகும். டிஃப்யூஸ் ஆக்ஸானல் இஞ்சுரி என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான். இது சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படவரிசையையும் சேர்க்கச் சொன்னால் நுண்கசிவுகள் புள்ளி புள்ளியாகத் தெரியலாம். அதிலும் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு.

அடி எந்தப் பக்கம் பட்டாலும் அதிகம் நசுங்குவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலின் அடிப்பகுதியும், காதுக்கு உட்புறம் இருக்கும் பக்கமடலின் நுனியும்தான். மண்டையோட்டின் உள்தளம் அங்கே கரடுமுரடானது. கோபத்தை அடக்குவது, தொடங்கியதை முடிப்பது, புதிய செய்தியைப் பதியவைப்பது எல்லாம் இந்தப் பகுதிகளின் பொறுப்பு. நீங்கள் எழுதிய மூன்று புகாரும் இங்கே வந்து சேர்கின்றன.

‘நான்கு நாள் மாற்றிப் பேசினார்’ என்பது உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. காயத்துக்குப் பிறகு நினைவு தொடர்ச்சியாகப் பதியாத காலம் ஒரு நாளுக்குள் என்றால் லேசான காயம், 1 முதல் 7 நாள் என்றால் நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அவரிடமே கேளுங்கள்: விபத்துக்குப் பிறகு விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ச்சியாக ஞாபகம் இருப்பது எந்த நாளிலிருந்து? வீட்டார் சொல்வதைவிட அது நீளமாக இருப்பது வழக்கம். கண் திறந்து பேசிய நாட்களிலும் எதுவும் பதியாமல் இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் எழுதும், சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவு வேறு கணக்கு: 13–15 லேசு, 9–12 நடுத்தரம், 3–8 கடுமை. இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, மறதி எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டி.வி.யை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, ஒரே ஒரு செய்தியைச் சொல்லி அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அரை மணி கழித்துக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் நினைவுக் கிடங்கு பரவாயில்லை, கவனம்தான் சிதறுகிறது. தானாக வராமல் ஒரு குறிப்புக் கொடுத்ததும் வந்தால், பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். குறிப்புக் கொடுத்தும் வரவில்லை, ‘அப்படி எதுவும் சொல்லவில்லையே’ என்கிறார் என்றால் பதிவே நடக்கவில்லை. வீட்டில் மறதி என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு முதல் வகை. அதற்கான வைத்தியமும் வேறு.

சிந்தனையை மேலும் மந்தமாக்கும் சங்கதிகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். தூக்கம் எப்படி? குறட்டை உண்டா? தினமும் தலைவலியா? மனச்சோர்வா? ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மாத்திரை இன்னும் ஓடுகிறதா? வலிப்பே வராதவருக்கு முன்னெச்சரிக்கையாகத் தொடங்கிய மாத்திரை வழக்கமாக முதல் 7 நாளுக்குத்தான். பிறகு வரக்கூடிய வலிப்பை அது தடுப்பதில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் தொடர்ந்துகொண்டிருக்கும். நீங்களாக நிறுத்திவிடாமல், ஏன் தொடர்கிறது என்று கேளுங்கள். அதிகச் சோர்வு, எடை மாற்றம், தாம்பத்திய ஆர்வக் குறைவு இருந்தால் பிட்யூட்டரி ஹார்மோன்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தலையில் பட்ட அடியில் அந்தச் சுரப்பியும் பாதிக்கப்படலாம்.

கவனத்துக்கும் வேகத்துக்கும் மெத்தில்ஃபெனிடேட் சிலருக்கு உதவும். ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பார்த்துவிட்டு, சிறிய அளவில், காலையிலும் நண்பகலிலும் தருவார்கள். மாலையில் கொடுத்தால் தூக்கம் போய்விடும். கோபத்துக்கு ப்ரொப்ரனோலால் பயன்படுவதுண்டு. ஆளை அடக்கி வைப்பதற்காக ஹாலோபெரிடால், லோராஸெபம் வகைகளைத் தொடர்ந்து கொடுப்பது சிந்தனையை இன்னும் மங்கச் செய்யும்.

கோபத்துக்கு ஒரு வாரம் நேரம் குறித்துப் பாருங்கள். மாலை, சத்தம், இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசுவது என்று ஒரு ஒழுங்கு தெரியும். களைத்த பிறகு ஓய்வு கொடுத்துப் பயனில்லை. களைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே கொடுங்கள். முதல் ஆறு மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும், இரண்டு ஆண்டு வரை மெதுவாகத் தொடரும். வேலைக்குப் போகலாம் என்றாலும் முழு நாளாகத் தொடங்க வேண்டாம். தினம் இரண்டு மணி நேரம், யோசிக்க வேண்டிய வேலை முதலில், சாதாரண வேலை பிறகு.

கே: மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு என் தம்பிக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்பதில்லை. போனில் ஞாபகசக்தி விளையாட்டுகள் ஆடச் சொல்கிறோம். பலன் உண்டா?

ப: அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார். மாத்திரை போட்டோமா என்பது அப்போதும் நினைவிருக்காது. ஒரு பயிற்சியில் வரும் முன்னேற்றம் வாழ்க்கையின் வேறு வேலைக்குத் தாவுவது மிகக் குறைவு. பொழுதுபோக்காக ஆடட்டும், சிகிச்சைக்கான நேரத்தை அதில் செலவிட வேண்டாம்.

ஹெர்பிஸ் வைரஸால் வரும் மூளைக்காய்ச்சல் பக்கமடலின் உட்பகுதியைத் தேடிப்போய்த் தாக்கும். புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் இருப்பது அங்கேதான். அந்தப் பாதை போனாலும் இன்னொரு பாதை மிஞ்சும். 1953-ல் வலிப்புக்காக இரு பக்க ஹிப்போகேம்பஸும் அகற்றப்பட்ட ஹென்றி மொலைசனை உளவியலாளர் பிரெண்டா மில்னர் சோதித்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையில் அவர் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் அதை முன்பு செய்ததாக ஒருமுறைகூட அவருக்கு நினைவில்லை. கை கற்றுக்கொள்ளும், வாய் சொல்லாது. உங்கள் தம்பிக்கான பயிற்சி இந்தப் பாதையில்தான் போக வேண்டும்.

முதல் விதி: தப்புச் செய்ய விடாதீர்கள். நமக்குத் தப்பு நடந்தது ஞாபகம் இருப்பதால் அடுத்த முறை திருத்திக்கொள்கிறோம். அவருக்கு அந்த ஞாபகம் கிடையாது. முதலில் வாயில் வந்த தப்பான பதில்தான் பழக்கமாகிப் படியும். ‘யோசித்துச் சொல் பார்ப்போம்’ என்று வீட்டில் எல்லோரும் சொல்வது இங்கே கெடுதல். விடையை முதலிலேயே சொல்லிவிட்டு, உடனே திருப்பிச் சொல்லவையுங்கள்.

இரண்டாவது, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது. ‘மாத்திரை போட்டோமா என்று எதைப் பார்ப்பாய்?’ என்று கேட்டால் ‘நோட்டைப் பார்ப்பேன்’ என்பது விடை என்று வைத்துக்கொள்வோம். விடையைச் சொல்லிக்கொடுத்து உடனே கேளுங்கள். பிறகு 30 விநாடி, 1 நிமிடம், 2, 4, 8, 16 நிமிடம் கழித்துக் கேளுங்கள். இடையில் வேறு பேச்சு நடக்கட்டும். ஓரிடத்தில் தவறினால் திட்டாமல் விடையைச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குப் போய் அங்கிருந்து மறுபடி ஏறுங்கள். ஒரே நாளில் இரண்டு செய்திகளை எடுத்தால் இரண்டும் குழம்பும். மறுநாள் முதல் கேள்விக்கே சரியாகச் சொன்னால் அடுத்ததற்குப் போகலாம்.

மூன்றாவது, நோட்டு. பல வீடுகளில் நோட்டு வாங்கி இரண்டு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும். எழுதத் தெரியாததால் இப்படி ஆவதில்லை. பார்க்க வேண்டும் என்பதையே மறந்துவிடுவதுதான் காரணம். அதனால் பார்க்கும் பழக்கத்தை முதலில் ஏற்றுங்கள்: போனில் காலை 8, பகல் 1, மாலை 6 என மூன்று அலாரம், அலாரம் அடித்தால் நோட்டு, வேறெதுவும் இல்லை. ஒரே நோட்டு, ஒரே இடம், பேனா கட்டியிருக்கட்டும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் செய்ய வேண்டியது, வலப்பக்கம் செய்து முடித்ததும் டிக். முடித்த மறு விநாடியே டிக் போடாவிட்டால் மாத்திரையை இரண்டாம் முறை போட்டுவிடும் அபாயம் உண்டு; நாள் வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி அதற்கு இன்னும் நல்ல காவல். தப்பான பதிவை அழித்து எழுத வேண்டாம், கோடு போட்டுவிட்டுக் கீழே எழுதச் சொல்லுங்கள்.

கே: அப்பாவுக்கு 74 வயது. ஒன்றரை மாதமாகத்தான் மறதி. நடையும் மெதுவாகிவிட்டது. ‘வயசானால் அப்படித்தான், அல்சைமராக இருக்கும்’ என்கிறார்கள்.

ப: ஒன்றரை மாதத்தில் அல்சைமர் இப்படி வராது. அது வருடக்கணக்கில் ஊரும் நோய். நடை பின்னால்தான் கெடும். வாரங்களில் மாறிய மறதிக்கு, அதுவும் நடையோடு சேர்ந்து மாறியதற்கு, சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்க வேண்டும்.

முதலில் தலையின் சி.டி. ஸ்கேன். வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் மேலுறைக்கும் மூளைக்கும் இடையே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் விறைப்பாக இழுபட்டிருக்கும். கதவில் லேசாக இடித்துக்கொண்டதுகூடப் போதும். கசிந்த ரத்தம் மூன்று வாரத்துக்குப் பிறகு மெல்லப் பெருகி மூளையை அழுத்தும். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுபவர்களிடம் இது இன்னும் அதிகம். ‘தலையில் அடிபட்டதா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள், ஞாபகம் இருக்காது. சிறு துளை போட்டு வடித்துவிட்டால் பல பேர் பழைய நிலைக்கு வருகிறார்கள். ஒரு பொறி: சில வாரமான ரத்தம் சி.டி.யில் மூளையின் அதே சாம்பல் நிறத்தில் தெரியும், இரு பக்கமும் சமமாக இருந்தால் கண் தவறவிடும். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.

இரண்டாவது, மூளைக்குள் நீர் தேங்கும் நார்மல் பிரஷர் ஹைட்ரோசெஃபாலஸ். கால் தரையில் ஒட்டினாற்போன்ற நடை முதலில் வரும். பிறகு சிறுநீரை அடக்க முடியாமை, மந்தம். முதுகில் ஊசி வழியாக 30 முதல் 50 மி.லி. நீரை எடுத்துவிட்டு, நடையை முன்னும் பின்னும் நேரம் வைத்து அளப்பார்கள். போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அன்று மாலை ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று வாயால் சொல்வதைவிட அது உதவும். நடை தேறினால், தேங்கும் நீரை வடித்துவிடும் ஷன்ட் குழாயை வைப்பதைப் பற்றிப் பேசலாம். நடைதான் நன்றாகத் திரும்பும். மறதி அந்த அளவுக்குத் திரும்புவதில்லை.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, பி12. பி12 அளவு ஒரு மி.லி.க்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு உறுதி. 200-க்குச் சற்று மேலே இருந்தாலும் குறைபாடு இருக்கலாம், மெத்தில்மலோனிக் அமிலச் சோதனை அதைச் சொல்லிவிடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் வயிற்றுக்கு ஓமெப்ரஸோல் வகையும் வருடக்கணக்கில் போடுபவர்களுக்கு இதைக் கட்டாயம் பாருங்கள்.

பிறகு மாத்திரைகள். பட்டியல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை உட்பட. குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், நடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை நினைவுக்கு வேண்டிய அசிடைல்கோலினைத் தடுப்பவை. தூக்க மாத்திரைகளும் சேர்ந்தால் ஆள் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார்.

மறதியோடு உடம்பு வெட்டிவெட்டி இழுத்தாலோ, புதிதாக வலிப்பு வந்தாலோ, நாளுக்கு நாள் சரிந்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் வகை மூளைக்காய்ச்சலில் சீக்கிரம் ஸ்டீராய்டு தொடங்கினால் பெரிய வித்தியாசம் உண்டு.

கே: நினைவையும் சிந்தனையையும் பார்க்கும் எம்.ஓ.சி.ஏ. சோதனையில் அம்மாவுக்கு 30-க்கு 21. டிமென்ஷியா என்ற மறதி நோய்தானா?

ப: மதிப்பெண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அது சல்லடை மட்டுமே. 26-ம் அதற்கு மேலும் சாதாரணம் என்பது மூல அளவுகோல்; 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ள வேண்டும். குறைவாகப் படித்தவர்களுக்கு 26 அநியாயமாக உயர்ந்த வரம்பு. பள்ளிக்கே அதிகம் போகாதவருக்குக் கனசதுரம் வரைவதும் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதும் நோயைச் சொல்லாது, படிப்பைச் சொல்லும். கண்ணாடி போட்டிருந்தாரா, காது கேட்டதா, தாய்மொழியில் நடந்ததா, முந்திய இரவு தூங்கினாரா என்று பாருங்கள்.

மொத்தத்தைவிட, போன இடம் முக்கியம். நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து வார்த்தையும் போய், குறிப்புக் கொடுத்தும் வராவிட்டால் அல்சைமர் பக்கம் சந்தேகம் போகும். வார்த்தைகள் குறிப்பில் வந்து, கடிகாரம் வரைவதும் கணக்கும் மட்டும் போனால் சிறு ரத்தக்குழாய் அடைப்பு, பார்க்கின்சன், மனச்சோர்வு ஆகியவற்றை யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட: வங்கிக் கணக்கு, மாத்திரை, வெளியே போய்வருவது இவற்றைத் தானாகச் சமாளிக்கிறாரா? சமாளித்தால் அது டிமென்ஷியா ஆகாது. லேசான அறிதிறன் குறைவு. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

கே: அல்சைமருக்கு டோனெபெசில் 5 மி.கி. தொடங்கி, பிறகு 10 ஆக்கினார்கள். வயிற்றுப்போக்கு, பயங்கரக் கனவுகள். மறதியும் குறையவில்லை. நிறுத்திவிடலாமா? தோலில் ஒட்டும் மருந்துப் பேட்ச் நல்லதா?

ப: மறதி குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சரிவைச் சில காலம் தாமதப்படுத்துவதுதான் இந்த மருந்தின் வேலை. ஆறு மாதத்தில் ஆள் அப்படியே இருக்கிறார் என்றால் அதுவே பலன்.

5-லிருந்து 10-க்குப் போக 4 முதல் 6 வாரம் விட வேண்டும். அவசரப்பட்டால் வயிறு கெடும். கனவுக்கு எளிய வழி, இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றுவது. மருந்து உடலில் நாள்கணக்கில் தங்குவதால் நேரம் மாறுவது பலனைக் குறைக்காது. வயிற்றுப்போக்கு இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் மறுபடி 5-க்கு இறங்குவது பற்றிக் கேளுங்கள். நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். 50-க்குக் கீழே போனால், தலைசுற்றி விழுந்தால், அன்றே தெரிவியுங்கள். இதயத்துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் கூடவே இருந்தால் இன்னும் கவனம்.

ஒரு சங்கிலி அடிக்கடி நடக்கிறது. டோனெபெசிலால் சிறுநீர் அவசரம் வரும், அதற்கு இன்னொருவர் ஆக்ஸிபியூட்டினின் எழுதுவார். ஒன்று அசிடைல்கோலினைக் கூட்டும், மற்றது தடுக்கும். இரண்டையும் விழுங்கிக்கொண்டு பக்கவிளைவு மட்டும் மிச்சம்.

ரிவாஸ்டிக்மின் பேட்ச் வயிற்றுக்குச் சற்று இதம். 24 மணி நேரத்துக்கு 4.6 மி.கி. என்று தொடங்கி, குறைந்தது நான்கு வாரம் கழித்து 9.5. பேட்ச்சில் நடக்கும் ஆபத்தான தப்பு ஒன்றுதான்: பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டுவது. முதுகில் இருப்பது கண்ணில் படாது. இரண்டு, மூன்று சேர்ந்து மருந்து எக்கச்சக்கமாகி வாந்தி, நாடி இறக்கம், சிலருக்கு உயிராபத்தே வந்திருக்கிறது. புதியதைப் பிரிப்பதற்கு முன் பழையதைக் கையில் எடுத்துவிட்டோமா என்பதை வழக்கமாக்குங்கள். ஒரே இடத்தில் 14 நாளுக்குள் மறுபடி ஒட்ட வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் 9.5-ல் தொடரக் கூடாது, மறுபடி 4.6-லிருந்து.

நோய் நடுத்தரத்தைத் தாண்டினால் மெமன்டைன் சேர்ப்பார்கள்: வாரத்துக்கு 5 மி.கி. கூட்டி 20 வரை, சிறுநீரகம் பலவீனமானால் குறைவாக. லெக்கனெமாப் 2023-லும் டொனனெமாப் 2024-லும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. ஆரம்ப நிலைக்கு மட்டுமே. மூளையில் வீக்கம், நுண்கசிவு வரக்கூடும் என்பதால் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பலன் உண்டு, சிறிது.

இல்லாத உருவங்கள் தெரிவது, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் மந்தம், நடை விறைப்பு இருந்தால் லூயி பாடி டிமென்ஷியாவாக இருக்கலாம். அவர்களுக்கு டோனெபெசில் நன்றாகவே கேட்கும். ஹாலோபெரிடால் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு கோடியில், நடத்தை மாற்றத்தோடு தொடங்கும் முன்மடல் டிமென்ஷியாவில் டோனெபெசில் வகை உதவுவதில்லை. சிலருக்குப் படபடப்பைக் கூட்டும்.

கே: நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த மாமியார் இரண்டே நாளில் எங்களை அடையாளம் தெரியாமல் பேசுகிறார். இரவில் ட்யூபைப் பிடுங்குகிறார். திடீர் டிமென்ஷியாவா?

ப: திடீர் என்று வந்தாலே டெலிரியம், அதாவது உடல்நோயால் வரும் தற்காலிக மனக்குழப்பம், என்று எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு மணி மாறும், கவனம் நிற்காது. டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மாதம் போவதற்குள் நின்றுவிடுவார். பிடுங்குபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டே இருப்பவரை ‘நன்றாக ஓய்வெடுக்கிறார்’ என்று விட்டுவிடுவார்கள், அதுவும் டெலிரியம்தான்.

காரணம் பெரும்பாலும் மூளைக்கு வெளியே: தொற்று, ஆக்ஸிஜன் குறைவு, சோடியம் குறைவு, நீர் வறட்சி, வலி, புதிய மாத்திரை. மலச்சிக்கலையும், சிறுநீர் அடைத்து வயிறு உப்பியிருப்பதையும் யாரும் பார்க்காமல் விடுவதுண்டு, வாய்விட்டுக் கேளுங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டிலிருந்து கொண்டுபோய் மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சம், நாற்காலியில் உட்காரவைப்பது. இரவில் இருட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். கட்டிப்போட்டால் திமிறல் கூடும். தூக்க ஊசி நிலையை மோசமாக்கும். மதுவை நிறுத்தியதால் வரும் குழப்பம், வலிப்பு போன்ற சில சமயங்களில்தான் அந்த வகை மருந்துக்கு வேலை.

நிமோனியா குணமான அன்றே தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்தும் மந்தமாக இருந்தால் அப்போது டிமென்ஷியா பரிசோதனை.

கே: வலது மூளையில் ஸ்ட்ரோக் வந்த பிறகு அண்ணன் இடப்பக்கத்தைக் கண்டுகொள்வதே இல்லை. இடது கன்னத்தில் சவரம் செய்வதில்லை, கதவில் இடித்துக்கொள்கிறார். கண் பரிசோதனை போதுமா?

ப: கண்ணும் பாருங்கள். ஆனால் இது கவனப் பிழையாகத் தெரிகிறது. பார்வைப்புலம் மட்டும் போனவர் தனக்கு ஒரு பக்கம் தெரியவில்லை என்று உணர்ந்து தலையைத் திருப்பிக்கொள்வார். உங்கள் அண்ணனுக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் எழுவதில்லை. அதனால்தான் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பார். வாதாடிப் பயனில்லை.

படிக்கும் தாளின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போடுங்கள். ‘கோடு தெரிந்த பிறகே வரியைப் படிக்கத் தொடங்கு’ என்பது விதி. தட்டு, மேசை, கதவுச் சட்டம் எல்லாவற்றிலும் இடது விளிம்பில் சிவப்பு நாடா. பழகப் பழகக் கோட்டின் தடிமனைக் குறையுங்கள், கடைசியில் எடுத்துவிடுங்கள். பயிற்சி நேரத்தில் இடப்பக்கம் நின்று பேசுங்கள். மருந்து, ஆபத்து போன்ற முக்கியச் செய்தியை வலப்பக்கம் நின்றே சொல்லுங்கள். அழைப்பு மணி, தண்ணீர், போன் எப்போதும் வலப்பக்கம். சக்கர நாற்காலியில் இடது பிரேக்கை மறப்பார், விழுவது அங்கேதான். பிரேக் கைப்பிடியில் நீளமான பளிச்சென்ற குழாயைச் செருகிவிடுங்கள். இடது கை சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கவில்லை என்பார். இது தீரும் வரை வண்டி ஓட்டவே கூடாது.

கே: நிறையக் குடிப்பவர். ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை, வாந்தி, தள்ளாட்டம், குழப்பம். குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகுமா?

ப: குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவதுதான் ஆபத்து. தயமின் என்ற பி1 தீர்ந்துபோய் வெர்னிக்கி நிலை வந்திருக்கலாம். குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் மூன்றும் ஒன்றாகத் தெரிவது சிலரிடம்தான். ஒன்று இருந்தாலே சந்தேகப்பட்டு, குளுக்கோஸுக்கு முன் அல்லது கூடவே, நரம்பு வழியாகத் தயமின் தர வேண்டும். வழக்கமான அளவு 500 மி.கி. தினம் மூன்று வேளை, இரண்டு மூன்று நாள், கூடவே மக்னீசியம். வாய்வழி மாத்திரை இந்தச் சமயத்தில் போதாது, குடிப்பவர்களின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. தாமதித்தால் கார்ஸகாஃப் நிலை மிஞ்சும்: புதியது எதுவும் பதியாது, நடக்காததை நடந்ததாக நம்பிச் சொல்வார். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடும் கர்ப்பகால வாந்தியிலும், எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகும் இதே நிலை வரலாம்.

கே: சிட்டிகோலின், ஜின்கோ போன்ற மூளை டானிக்குகள்?

ப: தலைக்காயத்தில் சிட்டிகோலின் தினம் 2,000 மி.கி. வீதம் 90 நாள் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2012-ல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எந்த வித்தியாசமும் இல்லை. ஜின்கோ 120 மி.கி. தினம் இரண்டு வேளை வருடக்கணக்கில் முதியவர்களுக்குக் கொடுத்த 2008 ஆய்வில் டிமென்ஷியா தடுக்கப்படவில்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஜின்கோவை டாக்டரிடம் சொல்லாமல் தொட வேண்டாம். அந்தச் செலவைக் காது மெஷினுக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் திருப்புங்கள். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 டிமென்ஷியா காரணங்களில் கேட்புக் குறைவும் உயர் ரத்த அழுத்தமும் உண்டு.

கே: விளையாட்டில் தலையில் அடிபட்ட 13 வயது மகனை எத்தனை நாள் இருட்டறையில் படுக்கவைக்க வேண்டும்?

ப: ஒரு நாளும் வேண்டாம். 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அதுவும் நடமாட்டத்தோடு. அந்த நேரத்தில் போனும் டி.வி.யும் குறைவு. பிறகு மெதுநடை, அரைநாள் பள்ளி, முழுநாள் பள்ளி. 10-க்கு இவ்வளவு என்று சொல்லும் தலைவலி அளவு, முன்பிருந்ததைவிட 2 புள்ளிக்கு மேல் ஏறினால், அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், ஒரு படி இறங்கி மறுநாள் பார்க்கலாம். பள்ளிக்கு முழுமையாகத் திரும்பாதவரை ஆட்டம் இல்லை. மோதல் ஆட்டத்துக்கு மருத்துவர் அனுமதியும் வேண்டும். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுவதுதான் பயப்பட வேண்டியது. குழந்தைகளுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, காது மூக்கில் தெளிந்த நீர் இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரப் பிரிவு.